டயர் புகையும் வெள்ளைப் புறாவும்

1979 அக்டோபர் 9

இன்று எங்கள் வேலையாள் சடையன் பின்கொல்லையில் டயர் கொளுத்தும்போது காற்றே இல்லை. புகை நேராக எழுந்து, எங்கள் மாடிக்கு மேலே நின்று, மெல்ல அகன்று ஒரு மலையாகிவிட்டது. மேற்கே இருப்பது கல் மலை, இது கறுப்பு மலை. கொஞ்ச நேரத்துக்குத் திருவண்ணாமலையில் இரண்டு மலை. பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் சோறு குழைந்துபோனது. "இன்னா ஜஹானாரா, ஆகாசத்துல குடியிருக்கியா?" என்று அவர் கேட்டார்.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை. சர்தார். பழைய லாரி டயர்களை வாங்கி, அறுத்து, செருப்புக்கு அடி, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று விற்கிறார். எதற்கும் உதவாத ஓர வளையங்களைக் கொளுத்தினால் உள்ளே இருக்கும் கம்பி மிஞ்சும், அதற்கும் நல்ல விலை. "ஊரு தூக்கிப் போடறத நான் வீணாக்காம பாத்துக்கறேன்" என்பார். எனக்கும் அதில் பெருமைதான்.

அக்டோபர் 21

புறாக்களுக்குக் கம்பு போட்டேன். கல்யாணமாகி வரும்போது கூடையில் கொண்டுவந்த ஒரு ஜோடி, இப்போது ஒரு கூட்டம். எல்லாம் வெள்ளை. பஞ்சு மட்டும் என் தோளில் வந்து உட்காரும். பிள்ளை இல்லாத வீடு. இதுகளாவது சத்தம் போடட்டும்.

எதிர்மாடி சந்திரகலா துவைத்த சேலையை என் பக்கம் விரித்துக் காட்டினாள். வெள்ளைச் சேலையில் மை தெளித்த மாதிரி புள்ளிகள். எங்கள் டயர்க் கரி. நான் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 12

விடாத மழை. பஞ்சு கூண்டுக்கு வரவில்லை.

நவம்பர் 13

இன்றும் இல்லை. மழையில் நின்று கூப்பிட்டேன். எங்கே ஒதுங்கியிருக்கும்? மலைப் பக்கம் ஏதாவது பாறை இடுக்கில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க அந்த இடுக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

நவம்பர் 15

எங்கிருந்தோ ஒரு கறுத்த புறா வந்து கூண்டில் பஞ்சுவின் அறையில் உட்கார்ந்திருக்கிறது. இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, நோய் கண்டது போல. மற்றவை அதைக் கொத்துகின்றன. கைதட்டி விரட்டினேன். போய் சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. என்ன துணிச்சல்.

நவம்பர் 17

மறுபடியும் வந்தது. பஞ்சு வந்தால் இடம் வேண்டாமா? துடைப்பத்தை வீசினேன். சாயங்காலம் கூண்டைத் தாழ் போட்டேன்.

நவம்பர் 18

காலையில் படிக்கட்டில் பூனை போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கறுப்புதான். எடுத்துப் போடலாம் என்று தூக்கினேன். ஒரு இறக்கை விரிந்துகொண்டது.

உள்ளே வெள்ளை.

நாந்தான். நாந்தான் தொரத்துனேன். வூட்டுக்கு வந்த புள்ளைய வெளிய நிக்க வெச்சு தாழ் போட்டேன்.

நவம்பர் 19

சடையனிடம் கேட்டேன். "மழைக்குக் கொட்டாய்க்குள்ளதான கொளுத்தனேன், நனஞ்ச புறா ஒண்ணு வந்து உத்தரத்துல உட்கார்ந்துச்சும்மா. கீழ நெருப்பு, சூடா இருந்துச்சில்ல. பாவம்னு வுட்டுட்டேன்" என்றான். புகையெல்லாம் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது.

புதைப்பதற்கு முன் கழுவினேன். தண்ணீருக்கு அந்தக் கறுப்பு போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. சீயக்காய் போட்டதும் போனது. அவர் வந்து நின்றார். பாத்திரத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்தார், என் கையில் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தார். வழக்கமான இருமல் வந்தது. இருமிக்கொண்டே போய்விட்டார்.

டிசம்பர் 2

தீபம். மாடியிலிருந்து பார்த்தேன். உச்சியில் எரிந்த சுடர் தாய்ப்புறாவின் கண் போலச் சின்னதாக, சிவப்பாக இருந்தது. தெரு முழுக்க அகல்.

"இனிமே கொல்லையில கொளுத்தறதில்ல. வேங்கிக்கால் ஏரிக்கரையாண்ட இடம் பாத்திருக்கேன்" என்று அவர் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

1980 மார்ச் 4

சந்திரகலா கேசரி கொடுத்தனுப்பினாள். மாடியில் துணிகள் பளிச்சென்று காய்கின்றன. புறாக்கள் பறக்கும்போது வானத்தில் யாரோ கைக்குட்டைகளை வீசுவது போல இருக்கிறது.

வடக்கே ஒரு மெல்லிய கறுப்புக்கோடு தெரிகிறது. எங்கள் புகைதான். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருக்கிறது.

ஆகஸ்ட் 22

ஒரு கறுத்த புறா வந்திருக்கிறது.

என் கை தானாகத் தட்டப் போனது. நிறுத்திக்கொண்டேன். கூண்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். அது உள்ளே போய்விட்டது. காலில் சிவப்பு நூல், ஒரு நீல மணி. யாரோ ஆசையாகக் கட்டியது.

ஆகஸ்ட் 23

சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். வெள்ளை. எனக்குத் தெரியும்.

"விட்டா தானா வூட்டுக்குப் போயிடும்" என்றார்.

"போகும். அங்க நம்ம புகையில மறுபடி கறுத்துக்கும். வேங்கிக்காலுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்."

 அவர் கூடையைத் தேடி எடுத்தார்.

ஆகஸ்ட் 24

பஸ்ஸில் கூடை என் மடியில். ஏரிக்கரையில் நீல மணியைக் காட்டிக் காட்டி விசாரித்தோம். ஆராயி என்ற அம்மாளின் வீடு. அவள் மருமகள் வளர்க்கும் புறா. "எங்கியோ செத்துச்சுன்னு எம் மருமவ சோறு திங்காம கெடக்குது. நல்லா இருப்பீங்க, உக்காருங்க" என்று சொல்லி, உள்ளே மோருக்குக் குரல் கொடுத்தாள்.

வீட்டை ஒட்டியே வேர்க்கடலைக் கொல்லை. ஆராயி ஒரு செடியைப் பிடித்துவிட்டுக் கையைக் காட்டினாள். கறுப்பு. "கொடியப் போட்டா மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. எவனோ டவுன்காரன் ஆள வெச்சு டயரு கொளுத்தறான். அவன் பொண்டாட்டியக் கூட்டியாந்து ஒரு நாளு இந்தப் புகையில உக்கார வெக்கணும்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. புறா அவர் கையில் இருந்தது.

"பாய் இன்னா தொழிலு பண்றீங்க?"

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஜவுளி, அரிசி, எதுவும். புறாவைப் பார்த்துக்கொண்டே, "டயர் தொழிலும்மா. அந்த டவுன்காரன் நான்தான்" என்றார்.

 ஆராயி அவர் கையிலிருந்து புறாவை வாங்கிக்கொண்டாள். மோர் வரவில்லை.

செப்டம்பர் 10

ஏரிக்கரையில் கொளுத்துவது நின்றுவிட்டது. சடையன் இப்போது செருப்புக்கு அடி அறுக்கிறான். ஓர வளையங்கள் மட்டும் கொல்லையில் குவிகின்றன. கம்பி வருமானம் இல்லை. அவருக்கு ராத்திரிச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அக்டோபர் 3

சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் அப்பாசாமி வந்தார். வளையங்கள் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறாராம், விறகுக்குப் பதில் எரிக்க.

அப்பாசாமி போனதும் அவர் என்னிடம் மெதுவாக, "கொளுத்தப் போறது அந்த ஆளு. நான் இல்லையே" என்றார்.

"யாரு மேல வந்து விழும்?" என்று கேட்டேன்.  நாளைக்கு வண்டி அனுப்பச் சொல்லிவிட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.  பேசி என்ன? அரிசி வாங்கவேண்டியவர் அவர்.

அக்டோபர் 4

அப்பாசாமி வண்டியோடு வந்தார். குவியலை இழுக்கப் போனபோது உள்ளேயிருந்து ஒரு புறா படபடவென்று எழுந்தது. எங்கள் வெள்ளைதான். கூண்டில் இடமிருக்க, வளையத்துக்குள் சுள்ளிகளை வைத்து இரண்டு முட்டை இட்டிருக்கிறது.

அவர் குனிந்து பார்த்தார்.  "முட்டை இருக்கு அப்பாசாமி. அப்பறமா வாப்பா" என்றார்.

நவம்பர் 2

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. குவியலும் ஏறிக்கொண்டே போகிறது, மழையில் கறுப்பாக மின்னிக்கொண்டு. இது என்ன ஆகும்? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பானை நிற்கவைக்க இரண்டு வளையங்களை ஆராயி வீட்டுக்குக் கொண்டுபோனாராம். வாங்கிக்கொண்டாளாம். மோர் கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

1981 ஜனவரி 6

அப்பாசாமி மறுபடி வண்டியோடு வந்தார். "இன்னும் எத்தினி நாளு பாய்?"

அவர் செருப்புக்கு அடி அறுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"முட்டை இருக்குப்பா."

குஞ்சுகள் பறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று காலை மாடியில் அவற்றுக்குக் கம்பு போட்டதே அவர்தான்.