இடது கை தூக்கியவள்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் இருமல் விட்டதா? இங்கே பிடித்த வாடகை வீட்டில் சமையலறைக்கு வெள்ளையடித்துவிட்டேன், நீங்கள் இருவரும் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதிலிருந்து பாப்பா பொம்மைகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். அதற்கென்று இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கைகளை மட்டும் கூப்பிடுவார். பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்க மேதைகள். எல்லாம் எங்கள் பெரிய டீச்சரின் மூளை. என் மூன்றாம் வகுப்புக்கு அவரே வந்து ஒத்திகை பார்த்தார்.

ஒட்டடைக்குச்சி என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்வேனே, கணக்கில் புலி. அவளுக்கு எழுத, சாப்பிட எல்லாமே இடது கைதான். ஒத்திகையில் விடை தெரிந்து, துள்ளிக்கொண்டு அந்தக் கையைத் தூக்கினாள். பெரிய டீச்சர் கையைப் பிடித்து இறக்கி, மக்குகளோடு போய் உட்கார் என்று கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார். அவளுக்குத் தெரியும் மேடம் என்று குறுக்கே போனேன். ஏற்பாட்டைக் கெடுக்காதே, உன் மாற்றல் மனு என் மேசையில்தான் கிடக்கிறது என்றார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நேற்று அதிகாரி கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டார். கைகள் எழுந்தன. ஒட்டடைக்குச்சியின் இடது கையும் அவளை மீறிப் பாதி எழுந்தது. வாசலில் நின்ற பெரிய டீச்சர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அவளைத்தான் கூப்பிட்டேன். உடனே முதல் பெஞ்சுப் பொடியன் எழுந்து, இடது கையைக் கூப்பிடக் கூடாதே டீச்சர், மறந்துட்டீங்களா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டான். பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. என்ன சமாசாரம் என்றார் அதிகாரி. ஒன்று விடாமல் சொன்னேன். அதற்குள் அவள் கணக்கை முடித்துவிட்டு, சாக்பீஸ் தூளைச் சீருடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். விடை சரிதான்.

சாயங்காலம் பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். அந்தத் தந்திரம் என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தால் மாற்றலுக்குக் கையெழுத்துப் போடுவாராம். இல்லாவிட்டால் இந்த வருஷமும் இங்கேயே கிட என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை ஒட்டடைக்குச்சியை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் எந்தக் கை எழுந்தாலும் கூப்பிடுவேன் என்று பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று.

அந்த வீட்டை விட்டுவிடாதீர்கள். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள். வேறு யார் சொன்னாலும் எழுத மாட்டேன். நீங்கள் சொன்னால் எழுதிவிடுவேன்.

உங்கள்
டீச்சரம்மா