அம்மாவின் வயிற்றில் தெரிந்த பச்சைக் குழாய்

என் செல்ல அப்பா,

அம்மா பிழைத்துவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறுவீர்கள்.

உங்களுக்கு வந்த அதே பித்தப்பைக் கல்தான். வலி வந்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். ஆனால் ஆபரேஷன் என்றாலே கதவைச் சாத்திக்கொள்வாள். பித்தப்பையின் காம்பு என்று நினைத்து உங்கள் பெரிய பித்தக்குழாயை வெட்டினார்களே, வயிறு முழுக்கப் பித்தம் கசிந்து, மஞ்சள் கண்களோடு அலறி அலறிச் செத்தீர்களே, அதை எப்படி மறப்பாள்?

வலி தாங்காமல் கடைசியில் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். சனத்நகர் பட்டறையிலிருந்து சித்தப்பா கரி படிந்த கையோடு வந்தார். டாக்டர் "சின்ன ஆபரேஷன்தான்" என்றதும் சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். மேசைக் கண்ணாடி விழுந்து நொறுங்கியது.

"நக்கோ, வேணாம் அண்ணி! அண்ணனுக்கும் இதத்தான் சொன்னானுங்க. எழுந்திருங்க, போலாம்!"

அம்மா எழுந்தாள். சித்தப்பாவைப் பளாரென்று அறைந்தாள்.

"வலி எனக்குடா. உன் வீரத்த வெளியில வச்சுக்க."

போலீஸைக் கூப்பிட ஓடிய நர்ஸை டாக்டர் கையமர்த்தினார். நூலகத்தில் படித்தது என் வாயில் வந்துவிட்டது. "சார், பச்சைச் சாயம் போட்டுப் பார்ப்பீங்களா?"

டாக்டர் காலரைச் சரிசெய்துகொண்டே தெலுங்கில் விளக்கினார். சாயத்தைக் கை நரம்பில் ஏற்றினால் கல்லீரல் அதைப் பித்தத்தோடு அனுப்புமாம். தனி வெளிச்சத்தில் கேமரா பார்த்தால் குழாய் பச்சையாய் மின்னுமாம். காம்பு எது, குழாய் எது என்று வெட்டுவதற்கு முன்பே தெரியும்.

"அப்போ தப்பே வராதா?" என்று உறுமினார் சித்தப்பா.

அப்படிச் சத்தியம் செய்ய மாட்டேன், தெளிவாகத் தெரியாவிட்டால் வெட்டாமல் நிறுத்துவேன் என்றார் டாக்டர். அந்தப் பதிலுக்குத்தான் அம்மா சம்மதித்தாள்.

முடிந்தபின் வீடியோவைக் காட்டினார். காம்பும் குழாயும் தனித்தனிப் பச்சைக் கிளைகள். கத்தரி காம்பை மட்டும் கடித்தது. சித்தப்பா "ஹவ், ஆமா" என்று மட்டும் சொன்னார். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைக் குத்திக் குத்தி அழுதார். விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

எனக்கும் அந்தத் திரையை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை தெளிவாகத் தெரிவதை உங்களுக்கு ஏன் யாரும் பார்க்கவில்லை? நாம் ஏன் கேட்கவில்லை?

கோபம் இன்னும் போகவில்லை, அப்பா. போகவும் வேண்டாம். ஆனால் இனி நம் வீட்டில் யார் அந்த மேசையில் படுத்தாலும், கத்திக்கு முன்னால் என் கேள்வி போகும்.

உங்கள் மூத்த மகள்,
கயல்