சுழலும் ஸ்பீக்கருக்குப் பெட்டி

1998 மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே காய்கிறது. பீரோ வேலை இரண்டு பாக்கி. அதற்குள் ஞானராஜ் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். ரிடையர்டு வாத்தியார், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். கூடவே ஆர்கனின் ஸ்பீக்கர் பெட்டி. அடிப்பலகை முழுக்கக் கரையான். உள்ளே மேல்தட்டில் ஒரு குழல், கீழ்த்தட்டில் ஒரு மர உருளை. இரண்டையும் மோட்டார் சுழற்றும். அதனால்தான் சத்தம் அலையலையாக வருமாம்.

"அளவு மாறாம அப்படியே செஞ்சு குடு முருகேசு. ஈஸ்டருக்கு வேணும்."

மார்ச் 9, திங்கள்

அரை இஞ்ச் பிளைவுட்டில் செய்தாயிற்று. தாழ்ந்த சுரம் வந்தால் பலகை தடதட. என் தப்புதான். துணி வைக்கிற பீரோ என்று நினைத்துச் செய்துவிட்டேன். வாங்க வேண்டியது: முக்கால் இஞ்ச் பிளைவுட், குறுக்குச் சட்டம், ஸ்க்ரூ. வீட்டுக்குக் கத்தரிக்காய்.

மார்ச் 14, சனி

சர்ச்சில் வைத்து மாட்டினோம். தடதடப்பு போய்விட்டது. பின்பலகையை இறுக்கினால் தாழ்ந்த சத்தம் நெஞ்சில் இடிக்கிறது. கழற்றினால் சப்பென்று ஆகிறது. ஒரு பலகைக்கு இவ்வளவு வேலை.

சாருக்குத் திருப்தி இல்லை. "மேல் சுரம் பளிச்சுன்னு வரலையே. திறப்பைக் கொஞ்சம் அகட்டு." குழலின் சத்தம் வெளியே வர மூன்று பக்கமும் நீளத் திறப்பு. பழைய அளவில்தான் வெட்டியிருந்தேன். அகட்டினேன்.

மார்ச் 18, புதன்

மறுபடி அகட்டச் சொன்னார். இப்போது இரண்டு விரல் நுழைகிறது. பாட்டுக் குழுவின் எஸ்தர் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "கூசுதுண்ணே, செத்த மூடுங்க."

சார்: "இன்னும் மந்தமாத்தான் இருக்கு."

யார் சொல்வதைக் கேட்பது? இனியும் வெட்டினால் பெட்டி இல்லை, கோழிக்கூண்டு. எரிச்சல்.

மார்ச் 20, வெள்ளி

குழலைச் சுழற்றும் பெல்ட் காய்ந்துபோய்க் கீச் கீச். பல் கூசியது. வாட்ச்மேன்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பாட்டில்லை, மோட்டார் மட்டும் ஓடுகிறது. சார் பெட்டிக்கு ஓரடியில் நின்று தலையைச் சாய்த்தார். "சத்தமே இல்லாம அருமையா ஓடுது முருகேசு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். கோளாறு பெட்டியில் இல்லை.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார்: "கமிட்டிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்ருவாங்கண்ணே. சாருக்கு இத விட்டா ஒண்ணுமில்ல." பாவமாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

புதுப் பெல்ட். திறப்புகளின் உள்பக்கம் பட்டை ஒட்டிப் பழைய அளவுக்கே குறைத்தேன். சாரிடம், இன்னும் அகட்டிவிட்டேன் என்றேன். வாசித்தார்.

"இப்பத்தான் சரியா இருக்கு."

எழுந்து வந்து பெட்டியைத் தடவினார். திறப்பில் விரலை விட்டார். ஒரு விரல்தான் போனது.

"அடைச்சிருக்க."

"ஆமா சார்."

"எஸ்தருக்கு இனிக் கூசாதில்ல?"

"கூசாது சார்."

பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "ஈஸ்டருக்கு வந்து முன் பெஞ்சுல உக்காரு. ரொம்பக் கூசுச்சுன்னா துண்டத் தோள் மாத்திப் போடு. நான் சத்தத்தக் குறைச்சுக்கிறேன்" என்றார்.

டீச்சரையே சைகை காட்டச் சொல்லலாமே என்றேன்.

"அது அழுதுரும். நீ அழமாட்ட."

சரி என்றேன். சைக்கிளில் ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. வீடு வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.