மூச்சை அடக்கிய பரீட்சை

அன்பு மருமகள் துளசிக்கு,

நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். போன வாரம் தறியில் உட்கார்ந்திருந்தபோது வலது கை கொஞ்ச நேரம் மரத்துப்போச்சு, அவ்வளவுதான். அதுக்குள்ள உன் அத்தை என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிட்டா.

மூளைக்கு ரத்தம் எப்படிப் போகுதுன்னு பார்க்க, இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் கருவியை வைத்து, "முப்பது நொடி மூச்சை அடக்குங்க" என்றார் டாக்டர். நான் யாரு? சர்வதீர்த்தக் குளத்தில் இக்கரையில் முங்கி அக்கரையில் எழுந்தவன். ஒன்றரை நிமிஷம் அடக்கினேன். நர்சுங்க எல்லாம் வேலையை விட்டுட்டுக் கூடிட்டாங்க.

"ஜெயிச்சுட்டேனா?" என்றேன்.

"மூச்சு ஜெயிச்சுது, பெரியவரே. ஆனா, அடக்கினா மூளைக்கு ரத்தம் கூடணும். வலப்பக்கம் கூடிச்சு, இடப்பக்கம் கூடவே இல்லை. உங்க வலது கையை ஆட்டிவைக்கிறது இடப்பக்க மூளைதான். கழுத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்குது. ஆபரேஷன் பண்ணாட்டி பக்கவாதம் வரலாம்" என்றார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். எனக்கு ஒரு பயமும் இல்லை. இவ்வளவு உறுதியான கழுத்தை டாக்டர் பார்த்ததே இல்லையாம். எழுத்து கோணலாக இருந்தால், பேனா சரியில்லை.

நீ லீவு போட்டுட்டு புதன்கிழமையே வந்துடும்மா. யாராவது கேட்டா, சேலை எடுக்க வந்ததா சொல்லு. மாமன் கூப்பிட்டதா சொல்லாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
தாய்மாமன்