காடு மூடிக் கிடக்குதாம்

லாசால்,
மொன்றியால், கனடா.

அன்புத் தம்பி டனிஸ்ரனுக்கு, மடு மாதா உன்னைக் கைவிடமாட்டா என்ற நம்பிக்கையில் சிசிலி அக்கா எழுதுவது.

உன் போன் வேலை செய்யவில்லை. அதனால் இதை எழுதிப் படம் பிடித்து, என்னோடு பக்டரியில் வேலை செய்யும் மார்த்தாவின் தம்பி ஃபொரொமோவுக்கு அனுப்புகிறேன். அவர், நீ கனடாவுக்கு வரும் வழியில் நிற்கும் ஆபிரிக்காவின் கினி நாட்டு மலைப்பக்கத்துக்காரர். மோட்டார்சைக்கிளில் உன்னைத் தேடி வருவார். அவரை நம்பு.

இங்கே அத்தான் சுகம். மகள் ஜெசிக்கா செபமும் பிரெஞ்சில்தான் சொல்கிறாள். அதற்குள் உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறாள்.

நீ கடைசியாக அனுப்பிய குரல்செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நிம்பா மலையடியில் ஒரு கிராமம், விடாத மழை, சிவப்புச் சேறு, ஒரு அம்மா சோறும் மரவள்ளி இலைக் கறியும் தருகிறா என்றாய். பிறகு, "காடு மூடிக் கிடக்குதாம் அக்கா, ஊராக்கள் சொல்லினம். ஏஜென்சிக்காரன் கத்தி தந்திருக்கிறான். வெட்டிக்கொண்டு அங்கால ஐவரி கோஸ்டுக்குப் போயிடுவம்" என்றாய். நானும் பற்றை மண்டிக் கிடக்கிறதாக்கும் என்று நினைத்து, பாம்பு கவனம் என்று பதில் போட்டேன்.

இன்று சாப்பிடும்போது மார்த்தாவிடம் இதைச் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள். தம்பி, உன் அரைகுறைப் பிரெஞ்சுக்கு விளங்கியது பிழை. அவர்கள் சொன்னது பற்றையை அல்ல. காட்டை அடைத்திருக்கிறார்கள், கோவில் கதவை அடைப்பதுபோல. ஊரோடு ஒட்டிய காடு அவர்களுக்குப் புனிதம். பிள்ளைகளைப் பெரியவர்களாக்கும் சடங்கு உள்ளே நடக்கும்போது வெளியார் கால் வைக்கக்கூடாது. பெற்ற தாயும் போகமாட்டாளாம். மடுக் கோவில் பீடத்தில் ஒருவன் கத்தியோடு ஏறினால் நாங்கள் சும்மா இருப்போமா?

அந்தச் சனம் பொல்லாத சனமில்லை. நாங்கள் வெற்றிலை வைத்துக் கேட்பதுபோல, ஊர்ப் பெரியவர் கையில் கோலாக் கொட்டை கொடுத்துப் பணிவாகக் கேட்டால், சுற்றுவழி காட்ட ஆளும் அனுப்புவார்களாம். கேட்காமல் நுழைந்தால் என்ன நடக்கும் என்று மார்த்தாவிடம் கேட்டேன். அவள் உடனே தன் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். இப்போது ஏசவில்லை, கெஞ்சுகிறேன். கனடாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஊரிலாவது உயிரோடு இரு. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

கத்தியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஃபொரொமோவோடு போ. அவருக்குத் தமிழில் 'ஓம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கண்டதும் எனக்குப் போன் எடுத்து, நீ பத்திரம் என்பதற்கு அதைச் சொல்லுவார். அதற்காகக் காத்துக்கொண்டு இருக்கிறேன்.

மாதா உன்னைக் காட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
சிசிலி