இருட்சேனன் செத்தானா?

ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. இன்று இவர் பேசினார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து 'ஆமா', 'இல்ல' தவிர இவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு மலாக்காவுக்குக் கூட்டிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லோரி ஓட்டிய காலத்தில் எங்கள் ரெம்பியா ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசியவர்.

சாயங்காலம் மூவரும் டிவியில் மாயாஜாலத் தொடர் பார்த்தோம். மந்திரவாதி இருட்சேனன் தீக்குழியில் விழுந்தான்.

"ஒழிஞ்சான் பாவி" என்றேன்.

மகள் கவிதா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் சும்மா நடிக்கிறான்லா, மா."

"நெருப்புல விழுந்தவன் எப்படிடி பொழைப்பான்?"

கத்திக்கொண்டிருந்தோம். இவர் இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

"சாகல."

இருவரும் இவர் பக்கம் திரும்பினோம். இவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"நிழல்... அவன் நிழல்... விழல."

கவிதா கைப்பேசியில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டாள். உடம்பு விழுகிறது. சுவரில் நிழல் மட்டும் அப்படியே நிற்கிறது. எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

இவர் ஒரு பக்க உதட்டால் சிரித்தார். என்னைப் பார்த்து, "மண்டு" என்றார்.

அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். வலது கை இன்னும் அசையவில்லை. அதை நினைத்தால்... வேண்டாம், இன்றைக்கு வேண்டாம்.

இருட்சேனன் உயிரோடுதான் இருக்கிறான். எனக்கே சந்தேகமில்லை. ஆனாலும் காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, அவன் செத்துத்தான் போனான் என்று அடித்துச் சொல்லப் போகிறேன். இவர் என்னோடு சண்டை போடட்டும்.