பால் கொடுத்தவர்கள் பட்டியல்

என் கண்ணான மகள் கன்ஸாவுக்கு,

ஸஃப்ரூவிலிருந்து உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் வாப்பாவும் இல்யாஸும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம், வாப்பாவின் முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அது ஒரு தனி ஆள் மாதிரி எங்களோடு குடியிருக்கிறது. மொன்றியல் குளிரில் நீயும் நலமாக, முக்கியமாகக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று கேட்கிறாய், வாப்பா பின்னாலிருந்து நாலாவதைச் சொல்கிறார். இதை யாரும் குறுக்கே பேசாமல் நான் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான்.

போன கோடையில் நீயும் இல்யாஸும் உங்களைப் பெற்றவளைத் தேடிக் கிளம்பினீர்களே, அதைப் பற்றித்தான். ஃபெஸ் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், கோர்ட்டுக்குப் போனீர்கள், எங்கே போனாலும் பெற்றோர் பெயர் தெரியாது என்ற ஒரே வரிதான். இரட்டையரில் யார் முதலில் பிறந்தது என்று கூட யாரும் எழுதி வைக்கவில்லை, முப்பத்தைந்து வயதிலும் நான்தான் மூத்தது என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். பிறகு நீ ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி எங்கோ அனுப்பினாய். பெல்ஜியத்தில் டயர் விற்கிற ஒருவன் உனக்குத் தூரத்துச் சொந்தம் என்று பதில் வந்தது, அவன் இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்கு ரோஜாப்பூ படம் அனுப்புகிறான், அவ்வளவுதான் கண்ட பலன். நீங்கள் கிளம்பும்போதெல்லாம் முட்டை அவித்து ரொட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, யா அல்லாஹ், ஒன்றும் கிடைக்காமல் திரும்பட்டும் என்று துஆவும் செய்தேன். கோபப்படாதே. கிடைத்துவிட்டால் நான் யார்? கோர்ட்டுத் தாளில் நான் காப்பாளர். உன் சித்தி உங்களுக்குப் பால் கொடுத்ததால், பால் வழியில் பெரியம்மா. உம்மா என்பது நீங்களாகப் பழகிக் கூப்பிடுவது. அந்தப் பழக்கம் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

சரி, இப்போது இல்யாஸின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். பத்து வருஷமாகப் பெண் பார்த்துப் பார்த்து என் செருப்பு தேய்ந்தது, இவன் கடைசியில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஃபத்தூமாவின் மகள் ஸுகைனாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். தங்கமான பெண், சம்மதம் சொல்லிவிட்டோம். சர்க்கரையும் பாலும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசி முடித்தாயிற்று. நிக்காஹ் எழுதுகிறவர் வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, இரு வீட்டுக்கும் பால் உறவு ஏதும் உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், ஃபத்தூமா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்து என் பக்கம் திரும்பினாள். "லல்லா ஸொஹ்ரா, நான் ஒரு நாள் உங்க புள்ளைங்கள்ல ஒண்ணுக்குப் பால் குடுத்தேனே. எந்தப் புள்ளைக்குன்னுதான் ஞாபகம் இல்ல."

அந்த ஆள் பேனாவை மூடிவிட்டார். பால் கொடுத்தவளும் தாய் கணக்குத்தான், ஒரு மிடறு உள்ளே போனாலும் போதும், குடித்தது இல்யாஸ் என்றால் ஸுகைனா அவனுக்குத் தங்கை, கல்யாணம் அத்தோடு சரி. குடித்தது நீ என்றால் ஒரு தடையும் இல்லை. ஆனால் இரண்டு பேரையும் ஒரே மாதிரி வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றி, சுவரோரம் படுக்க வைத்திருந்தோம், எனக்கே அடையாளம் தெரியாது. மாவுப் பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் தெருவே அதிரக் கத்தினீர்கள், பால் இருந்த பெண்ணெல்லாம் வந்து, கத்துகிற வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். கணக்கு வைக்க வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? இல்யாஸ் எழுந்து வெளியே போய், மழையில் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் செய்து அந்த நாளில் பால் கொடுத்த எல்லோரையும் கூப்பிட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். சிலருக்குப் பல் இல்லை, சிலருக்குக் காது இல்லை, ரோஷம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது. வாப்பா நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். நான்தான் அதிகம் கொடுத்தேன், என் பாலில்தான் இவன் இத்தனை உயரம் வளர்ந்தான் என்று ஒரே போட்டி. ஒருத்தி இல்யாஸின் காதைப் பிடித்து இழுத்து, "பால் குடிச்சவன், பெருநாளைக்கு ஒரு எட்டு வந்து பாக்க மாட்டியா?" என்று கேட்டாள். ஃபத்தூமா ஒரு மூலையில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டே இருந்தாள், ஸுகைனா அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஃபத்தூமா, அன்றைக்கு அந்தக் குழந்தை தன் புதுக் கஃப்தான் அங்கியை நனைத்துவிட்டது என்றாள். எந்த இடத்தில் நனைத்தது என்று பேக்கரிக்காரர் மனைவி கேட்டாள். மடியில்தான், அடிப்பக்கம் முழுக்க, கறை போகவே இல்லை என்றாள். "அப்ப பொண்ணுதான்டி. ஆம்பளப் புள்ளையா இருந்தா உன் மூஞ்சில அடிச்சிருப்பான்." ஏழு பேரைப் பெற்ற பேக்கரிக்காரர் மனைவி சொன்னால் மறுபேச்சு உண்டா? அப்புறம்தான் ஃபத்தூமாவுக்கு, துணியை அவிழ்த்து மாற்றியது, பார்த்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து சத்தியம் செய்தாள். ஆக நீ அந்த வயதிலேயே இல்யாஸுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டாய். வந்தால் ஃபத்தூமாவுக்கு ஒரு கஃப்தான் எடுத்துக்கொண்டு வா.

எல்லோரும் குலவையிட்டார்கள். வாப்பா பட்டியலை உரக்க வாசித்தார், பதினொரு பெயர். அப்போது பேக்கரிக்காரர் மனைவி, தினமும் காலையில் வருவாளே ஒரு சின்னப் பெண், பச்சை ஜெல்லாபா அங்கி போட்டவள், அவள் பெயரை விட்டுவிட்டீர்களே, ஃபத்தூமாவுக்குச் சொந்தக்காரிதானே என்றாள். ஃபத்தூமா, எனக்கு யாரும் இல்லை, உன் வீட்டுக்கு வந்தவள் என்றுதான் நினைத்தேன் என்றாள். உன் சித்தி, நான் அமர்த்திய ஆள் என்று நினைத்தாளாம். பதினொரு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். இல்யாஸ் பின்னாலேயே வந்து, "உம்மா, அது யாரு?" என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், கன்ஸாவுக்கு எழுதும்வரை பொறு என்றேன். பொறுக்கிறான், சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறான்.

அவள் பெயர் இத்தோ. அஸ்ரூ பக்கத்து மலைக்காரி, இருபது வயது இருக்கும். நீங்கள் வந்த மூன்றாம் நாள், இரட்டைக் குழந்தைக்குப் பால் வேண்டுமென்று கேள்விப்பட்டேன் என்று வாசலில் நின்றாள். நாற்பது நாள் வந்தாள். மற்றவர்கள் தங்கள் குழந்தை வீட்டில் அழும் என்று ஓடுவார்கள், இவள் ஓட மாட்டாள். பால் இருந்தது, கையில் குழந்தை இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், உன் குழந்தை எங்கே என்று. அவள் தலை நிமிர்ந்து பதில் சொல்ல வாயெடுத்தாள், கன்ஸா. அதற்குள் நானே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன், நிறுத்தாமல் பேசினேன், அவள் எழுந்து போகும்வரை பேசினேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

தெருவில் எல்லோரும் அவளை யாரோ ஒருத்தியின் சொந்தக்காரி என்று நினைத்தார்கள். நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் அலைந்த இடமெல்லாம் வீண் என்று தெரிந்தும் முட்டை அவித்துக் கொடுத்தேன். என்னை மன்னித்துவிடு.

ஷஃபான் மாதத்தில் நிக்காஹ், ஒரு வாரம் முன்னதாகவே வா, வாப்பாவின் முழங்காலுக்கு அந்த நீல மூடித் தைலம் மறக்காதே. அல்லாஹ் உன் வழியில் நல்லவர்களையே நிறுத்தி வைக்கட்டும், உன் கையில் எப்போதும் பரக்கத் இருக்கட்டும். நீ வந்ததும் மூன்று பேருமாக அஸ்ரூவுக்குப் போய், விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடிப்போம். கதவை நான்தான் தட்டுவேன், அன்றைக்குக் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டு, இந்தத் தடவை அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

உன்னை வளர்த்த, உன்னையே நினைத்திருக்கும்
உம்மா ஸொஹ்ரா